பெரிய மச்சான் பார்க்கக் கூடாத படம்

விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி ரோட்டை ஒட்டி ஒரு சீட் கவர் கடை இருக்கிறது. ஸ்கூட்டரோ பைக்கோ, எதைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அரைமணி நேரத்தில் அதற்குப் புது உடுப்பு தைத்து மாட்டி அனுப்பிவிடுவார்கள். புனேக்காரர்கள் வண்டியை வீட்டு ஆளாகவே நடத்துகிறவர்கள், ஆகவே கடை வாசலில் எப்போதும் நாலு வண்டி நிற்கும். முதலாளி யாகூப். வாடிக்கையாளர்களுக்கு அவர் ‘சாச்சா’. தம்பிமாருக்கு ‘காக்கா’, மேலப்பாளையத்துக்காரர்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். போர்டில் அவர் பெயர், கல்லாவில் அவர் கை. ஆனால் கடையில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் சபூரா.

சபூரா, யாகூபின் தம்பி மன்சூருக்கு மனைவி. இருபத்தோரு வயதில் மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்தவளுக்கு இப்போது நாற்பத்தேழு. வந்த முதல் வருஷம் ஒருநாள் கடைக்கு மதியச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோனாள். அங்கே மூன்று ஆண்கள் ஒரு அட்டையைத் தேடி அரைமணி நேரமாக அல்லாடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் சீட் அளவுக்கு வெட்டிய அட்டை ஒன்று உண்டு, அதை மேலே வைத்துத்தான் ரெக்சினை வெட்ட வேண்டும். அப்படி நானூறு அட்டைகள் ஒரு மூலையில் குப்பையாகக் கிடந்தன. சபூரா டப்பாவைக் கீழே வைத்தாள். ஐந்து நாளில் ஒவ்வொரு அட்டையிலும் ஓட்டை போட்டு, வண்டி பெயரும் வருஷமும் எண்ணும் எழுதி, வரிசையாக ஆணியில் மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து “பொம்பளைக்குக் கடையில என்ன வேலை?” என்று அவளை யாரும் கேட்டதில்லை. கேட்டவனுக்கு அட்டை கிடைக்காது.

இப்படிப்பட்டவள் கையில்தான் குடும்பத்தின் போட்டோக்கள் மொத்தமும் வந்து சேர்ந்தன.

போன டிசம்பரில் யாகூப் மகளுக்குக் கல்யாணம். வானவடிப் பக்கம் ஒரு ஹால் பிடித்திருந்தார்கள். அந்தக் குடும்பத்துப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மருதாணி வைக்கிற சாயங்காலம் ஹால் கதவைச் சாத்திவிடுவார்கள். தண்ணீர் கேன் போடுகிறவன் உட்பட எல்லா ஆண்களையும் வெளியே தள்ளிவிட்டு, ஆளாளுக்குத் தங்கள் வீட்டு ஆணைப் போல நடித்துக் காட்டுவார்கள். மாமியார் முன்னாலேயே மருமகள் மாமனாரைப் போலக் கொட்டாவி விடலாம், குற்றமில்லை. மறுநாள் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

அன்று யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் ஹுதா எழுந்தாள். ஹுதா யாகூபின் மனைவி, கல்யாணப் பெண்ணின் உம்மா. சபூரா பார்த்த இருபத்தாறு வருஷத்தில் புருஷன் முன்னால் ஒரு வாக்கியத்தை முழுதாக முடித்தவள் இல்லை. பாதியிலேயே அவர் வாங்கி முடித்துவிடுவார். அந்த ஹுதா, அவர் சட்டைக்கு மேல் போடுகிற கையில்லாத சாம்பல் நிறக் கோட்டியை மாட்டிக்கொண்டாள். வயிற்றில் ஒரு தலையணை. தலையில் அவர் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி, கண்மையால் தீட்டிய தாடி. போனை ஒரு கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தெருக்கோடியில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி, ரெக்சின் அனுப்பாத தில்லிக்காரனிடம் பேச ஆரம்பித்தாள். இந்தியில் தொடங்கி, கோபம் ஏற ஏற மேலப்பாளையத் தமிழுக்கு வந்து, மூச்சு வாங்காமல் பதினோரு நிமிஷம். பெண்கள் பாயில் உருண்டார்கள். படம் எடுக்க வந்திருந்த ராஜஸ்ரீ மராத்திக்காரி, தமிழில் ஒரு சொல் தெரியாது. அவளும் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறு கையால் எடுத்துத் தள்ளினாள்.

மறுநாள் ஹுதா சபூராவைத் தனியாகக் கூப்பிட்டாள். மூத்தவர் மனைவி என்பதால் சபூராவுக்கு அவள் ‘லாத்தா’, அதாவது அக்கா.

“அந்தப் படத்தையெல்லாம் அழிச்சிராத, சபூரா.”

“அழிக்க மாட்டேன், லாத்தா.”

“அவுஹளுக்குத் தெரியவும் கூடாது.”

“தெரியாது.”

இந்த ஒரு வாக்குக்காகத்தான் பிறகு நடந்தது எல்லாம்.

படங்கள் மொத்தம் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. வாட்ஸாப்பில் போடுவதற்குப் பெண்கள் ஒருத்திகூடச் சம்மதிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உறவுக்காரி ஒருத்தியின் கல்யாணப் படம் குழு குழுவாகப் பயணம் செய்து, கடைசியில் ஏதோ ஊரில் ஏதோ பியூட்டி பார்லர் விளம்பரத்தில் போய் நின்றது. “அலங்காரம் எங்களிடம்” என்று கீழே எழுத்து வேறு. அவளுக்கு அலங்காரம் செய்தது அவள் வீட்டிலேயே இருக்கிற சாச்சி.

வழி சொன்னது முகமது ரஃபீக். யாகூப், மன்சூர் இருவருக்கும் கடைசித் தம்பி, ஹிஞ்சவடியில் ஐ.டி. வேலை. பழைய லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்து, கடையின் உள்ளறையில் ஃபோம் சுருள்களுக்கு மேலே வைத்தான். அங்கேதான் இன்டர்நெட் லைனும் இன்வெர்ட்டரும் இருந்தன.

“நம்ம போட்டோ நம்ம பொட்டிக்குள்ளயே இருக்கும், மதினி. எந்தக் கம்பெனிக்காரன் கைக்கும் போகாது. நீங்க ஃபோல்டரை எப்படி அடுக்குதீஹளோ அப்படியே வெப்சைட்டுல ஆல்பமாத் தெரியும். எந்த ஃபோல்டருக்கு வேணுமோ அதுக்குப் பூட்டும் போடலாம்.”

அடுக்குவது, பூட்டுவது. சபூராவுக்கு அவன் வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படம் வைக்கிற ஹார்ட் டிஸ்க்கைப் பெண்கள் சேர்ந்து வாங்கினார்கள். மீதியை அவள் யூட்யூபில் இந்தியில் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

அடுக்க உட்கார்ந்த பிறகுதான் தலைவலி தொடங்கியது. தேதிப்படி அடுக்கலாம், சடங்குப்படி அடுக்கலாம், அதெல்லாம் ஊரில் எல்லாரும் செய்வது. அவளுக்கு வேண்டியது வேறு கணக்கு: யார் படத்தை யார் பார்க்கலாம்? தலையில் துணியில்லாத பெண்ணின் படத்தைப் புருஷன் பார்க்கலாம், வாப்பா பார்க்கலாம், கூடப் பிறந்தவன் பார்க்கலாம், மகன் பார்க்கலாம். மச்சானுக்கும் கொழுந்தனுக்கும் மாமன் மகனுக்கும் கிடையாது. சரி. ஒரு படத்தில் மூன்று பெண்கள் நின்றால்? மூன்று பேருக்கும் பொதுவான ஆண் மட்டும் பார்க்கலாம். ஏழு பேர் நின்றால்? ஒரு பெரிய அட்டையின் முதுகில் மேலே பெண்கள் பெயர், பக்கவாட்டில் ஆண்கள் பெயர் எழுதிக் கட்டம் போட்டு டிக் அடித்தாள். இரண்டு நாள் டிக் அடித்த பிறகு, மருதாணிக் குழுப் படத்தைப் பார்க்கத் தகுதியுள்ள ஆண் உலகத்தில் ஒருவனும் இல்லை என்று முடிவு வந்தது.

ரஃபீக் அட்டையை போட்டோ எடுத்துக்கொண்டான். “ஆஃபீஸ்ல இந்த வேலைக்கு நாலு பேர் டீம் போடுவாங்க, மதினி. ஆறு மாசம் இழுப்பாங்க.”

“நான் நாளைக்கு முடிக்கேன்” என்றாள் சபூரா.

முடித்தாள். அட்டையைத் திருப்பி ஏதோ ஒரு ஸ்கூட்டருக்கு வெட்டிவிட்டு, இரண்டே ஃபோல்டர் போட்டாள். ஒன்றின் பெயர் ‘எல்லாருக்கும்’. இன்னொன்று ‘எங்களுக்கு’. இரண்டாவதற்குப் பூட்டு. ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்ட். ஆண்களுக்கு ஒன்றும் இல்லை, அது புருஷனாக இருந்தாலும் சரி, வாப்பாவாக இருந்தாலும் சரி. படத்தில் இருப்பவள் யாருக்காவது காட்ட விரும்பினால் தன் போனில் திறந்து தானே காட்டிக்கொள்ளட்டும்.

முதல் எதிர்ப்பு சொந்த வீட்டிலிருந்தே கிளம்பியது.

“எம் பொண்டாட்டி படத்தைப் பாக்க நான் பெர்மிஷன் கேக்கணுமா?” என்றார் மன்சூர்.

“கேளுங்க.”

“யார்ட்ட?”

“எங்கிட்டதான்.”

கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். மூன்று நாள் யோசித்தாள். நாலாவது நாள் காட்டியபோது, மன்சூர் அந்தப் படத்தைக் கல்யாணம் ஆன புதிதில்கூடப் பார்க்காத மாதிரி பார்த்தார். சபூரா அதைக் குறித்துவைத்துக்கொண்டாள், மனசில்தான்.

ஆண்கள் தரப்பில் நீதி கேட்டார்கள். பெண்களுக்கு ஒரு பூட்டு ஃபோல்டர் இருந்தால் ஆண்களுக்கும் வேண்டுமல்லவா? சபூரா பத்து நிமிஷத்தில் போட்டுக்கொடுத்தாள். ஒரு மாதம் கழித்து அதில் நாலு படம் இருந்தது. பிரியாணி தேக்சா, பூ ஒட்டிய கார், பார்க்கிங்கில் வாட்ச்மேனுடன் தகராறு, மூன்று நாற்காலியைச் சேர்த்துப் போட்டுத் தூங்கும் மன்சூர். அதற்கு மேல் மறைக்க அவர்களிடம் எதுவும் இல்லை.

இவ்வளவு விவரமாகச் செய்தவள்தான் அந்தத் தவறையும் செய்தாள்.

அவள் கடையில் அதிகம் ஓடுகிற வண்டியின் அட்டையை முதல் ஆணியில் மாட்டுவாள். அதே பழக்கத்தில், ‘எங்களுக்கு’ ஃபோல்டரில் தனக்கு மிகவும் பிடித்த படத்தின் பெயருக்கு முன்னால் இரண்டு பூஜ்யம் போட்டு, முதல் படமாக்கி வைத்தாள். ஹுதா வாயைப் பிளந்து போனில் கத்துகிற படம். வெப்சைட் என்ன செய்யும் என்றால், ஒவ்வொரு ஃபோல்டரின் முதல் படத்தையும் எடுத்துச் சின்னதாக மேலட்டை போட்டுக்கொள்ளும். பூட்டு உள்ளே போகிறவர்களுக்குத்தான். மேலட்டை வாசலிலேயே தொங்கும். சபூரா எப்போதும் தன் பாஸ்வேர்டோடு உள்ளே போய்ப் பார்த்ததால், வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் யாகூப் வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். ரஃபீக் உற்சாகமாக வெப்சைட்டை டி.வி.யில் போட்டான். நிக்காஹ், விருந்து, வழியனுப்பு எல்லாம் வரிசையாக வந்தன. மேல் வரிசையில் ஒரு பூட்டு அடையாளம், அதற்குப் பின்னால் உள்ளங்கை அளவுக்கு ஒரு மங்கல் படம்.

“நிறுத்து” என்றார் யாகூப். எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போனார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டார். “இது எங் கோட்டியில்லா?”

சபூரா டி.வி.யை அணைத்தாள்.

“ஏன் அணைக்க?”

“சோறு ஆறுது, மச்சான்.”

“அது யாரு? எந் தொப்பிய வச்சிக்கிட்டு, வயித்தத் தள்ளிக்கிட்டு?”

“யாரா இருந்தா என்ன?”

“தொற அத.”

“பாஸ்வேர்ட் கேக்கும்.”

“போடு.”

“போட மாட்டேன்.”

அந்த வீட்டில் ‘மாட்டேன்’ என்பது பாகற்காய் வைக்கும்போது பிள்ளைகள் மட்டுமே சொல்கிற சொல். மாப்பிள்ளையின் வாப்பா தன் தட்டை வெகு கவனமாகப் பார்த்தார். ரஃபீக் ரிமோட்டைச் சோபா இடுக்கில் செருகினான். ஹுதா உள்ளேயிருந்து தாளிச்சா கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றினாள், யாகூபுக்கு இரண்டு கரண்டி அதிகமாக.

அன்றே சபூரா மேலட்டையை மாற்றினாள். கடையில் கிடந்த கறுப்பு ரெக்சின் துண்டு ஒன்றைப் படம் எடுத்து, அதை முதல் படமாக வைத்தாள். இப்போது வாசலில் வெறும் கறுப்புக் கட்டம். ஆனால் யாகூப் பார்த்ததைப் பார்த்துவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் கடைக்குப் போனபோது உள்ளறையில் லேப்டாப்பின் பச்சை விளக்கு எரியவில்லை. பிளக் பிடுங்கிக் கிடந்தது. அதற்குள் பெண்களின் வாட்ஸாப் குழுவில் பதினாறு பேர் சைட் திறக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

யாகூப் கல்லாவிலிருந்து திரும்பாமலே பேசினார். “இங்க பாரு, சபூரா. நான் கோவக்காரன் இல்ல. இந்தக் குடும்பத்துல மூத்தவன் நான். பூட்டு எதுவா இருந்தாலும் ஒரு சாவி எங்கிட்ட இருக்கணும். என்னயக் கேலி பண்ணுனது யாருன்னு தெரியணும். தெரிஞ்சா கடிச்சா தின்னுருவேன்?”

“தெரிஞ்சு என்ன செய்யப் போறீஹ?”

“கேப்பேன்.”

“என்னன்னு?”

“எதுக்குச் செஞ்சன்னு.”

“சிரிக்கதுக்குத்தான்.”

“அத அவ சொல்லட்டும். நீ வெள்ளிக்கிழமைக்குள்ள தொறந்து காட்டு. இல்லன்னா இந்தப் பொட்டி கடையில ஓடாது. கடை என்னுது, கரண்டு என்னுது, நெட்டு என்னுது.”

வாசலில் ஒரு காலேஜ் பையன் ஸ்கூட்டரோடு நின்று, “சாச்சா, கித்னா டைம்?” என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். சபூரா உள்ளே போனாள். ஃபோம் சுருள் மேல் ஏறி, லேப்டாப்பிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி, ரெக்சின் துண்டில் சுற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

“என்ன அது?” என்றார் யாகூப்.

“டிஸ்க். இது நாங்க வாங்குனது. கடையும் கரண்டும் நெட்டும் ஒங்களது, பத்திரமா வச்சுக்கிடுங்க. லேப்டாப் ரஃபீக்குது, அவங்கிட்டக் குடுத்துருங்க.”

“சபூரா.”

“இந்தத் தம்பி வண்டிக்கு அட்டை மூணாவது வரிசை, பதினேழாவது ஆணி” என்று சொல்லிவிட்டு ரிக்‌ஷா பிடித்தாள். அட்டையைச் சொல்லாமலே போயிருக்கலாம். அவளுக்குச் சண்டை யாகூபோடுதான். ஸ்கூட்டர் என்ன செய்தது?

தாபோடியில் அவர்கள் வீடு இரண்டு அறை. மகள் ஹாஸ்டலுக்குப் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டர் கட்டிலுக்கு அடியில் இருந்தது. சபூரா அதை இழுத்துத் துடைத்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து, ரஃபீக்குக்கு போன் போட்டாள். அவன் மீட்டிங்கிலிருந்து எழுந்து வந்து, படிக்கட்டில் நின்று தாழ்ந்த குரலில் பேசினான்.

“மதினி, நான் சொல்லித் தந்தேன்னு காக்காவுக்குத் தெரிஞ்சா…”

“நீ எதுவும் சொல்லித் தர வேண்டாம். நான் படிச்சதைச் சொல்லுதேன். தப்புன்னா இருமு.”

அவன் இரண்டே தடவை இருமினான். சாயங்காலத்துக்குள் சைட் ஓடியது. பெண்கள் குழுவில் யாரோ ஒருத்தி ஒரு பூட்டின் படமும் ஒரு பூவின் படமும் போட்டாள்.

மன்சூர் கடையில் வேலை முடிந்து வந்தார். கட்டிலுக்கு அடியில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார், மெஷின் பக்கத்தில் மினுங்கும் விளக்கைப் பார்த்தார்.

“காக்கா எங்கிட்டச் சரியாப் பேசல. நாள் முழுக்கப் பேரச் சொல்லாம ‘ஏய் தம்பி’ன்னுதான் கூப்பிட்டாஹ. உனக்கு எதுக்கு இந்த வம்பு? ஒரே ஒரு தடவ தொறந்து காட்டிட்டா முடிஞ்சிரும்லா.”

“ஒரே ஒரு தடவ தொறந்தா, அப்புறம் பூட்டுன்னு எதுக்கு ஒண்ணு? நாளைக்கு எந்தப் பொம்பளை கதவைச் சாத்திட்டுச் சிரிப்பா? எல்லாரும் கேமராவைப் பாத்து முக்காட்டை இழுத்துக்கிட்டு உக்காந்திருப்பாஹ. அந்தப் படத்தை நான் அடுக்கவா?”

“அது நீ இல்லையே?” என்று மட்டும் கேட்டார் மன்சூர்.

“நான் ஒங்களயில்லா செஞ்சு காட்டுனேன்” என்றாள் சபூரா.



புதன்கிழமை ஹுதா போன் செய்தாள். யாகூப் குளிக்கப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் அவள் எப்போதும் பேசுவாள்.

“என்னாலதான் உனக்கு இவ்வளவு இழுபறி.”

“எனக்கு ஒண்ணும் இல்ல, லாத்தா. உங்களுக்குப் பயமா இருந்தா சொல்லுங்க, இப்பமே அழிச்சிருதேன். அழிச்சாச்சுன்னு அவுஹகிட்டச் சொல்லிருவோம். அத்தோட முடியும்.”

பின்னணியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“அழிச்சா அது நடக்கவே இல்லன்னு ஆயிரும்லா” என்றாள்.

“ஆயிரும்.”

“வேண்டாம்.” பிறகு சிரிப்புக் குரலில், “இங்க என்ன கூத்துன்னு தெரியுமா? அவுஹ ரெண்டு நாளா கண்ணாடி முன்னாடி நின்னு போனைப் பிடிச்சுப் பாக்காஹ. தள்ளிப் பிடிக்காஹ, கிட்டப் பிடிக்காஹ. நேத்துத் தில்லிக்காரன்கிட்ட அம்புட்டு மெதுவாப் பேசுனாஹ, அவன் ஒடம்பு சரியில்லையான்னு கேட்டிருக்கான்.”

சபூரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“தங்கச்சியக் கேட்டாச்சு, மகளைக் கேட்டாச்சு, சம்பந்தி வீட்டுப் பொம்பளையைக்கூடச் சுத்தி வளைச்சு விசாரிச்சாச்சு” என்றாள் ஹுதா. “நீதான்னு பாதி நம்பிக்கை. என்னய மட்டும் கேக்கல, சபூரா.”

“அது நல்லதுதான லாத்தா?”

“நல்லதுதான்” என்றாள் ஹுதா. ஆனால் அதைச் சொன்ன விதம் நல்லதாக இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, யாகூப் தாபோடிக்கே வந்துவிட்டார். ஆறு வருஷத்தில் அந்த வீட்டுக்கு அவர் வந்தது மூன்றாவது முறை. ஹுதாவும் கூட வந்திருந்தாள், கையில் ஒரு டப்பா வட்டிலாப்பம். சண்டைக்கு வருகிற வீட்டுக்கும் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அவள் வளர்ப்பு. சபூரா போகாததால் கடையில் அந்த வாரம் மூன்று பேர் வேலைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே அட்டை தேடிக்கொண்டிருந்தார்கள் என்று மன்சூர் வழியாக ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதைப் பற்றி யாகூப் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். மெஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை, எதிர்க்கட்சிக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“ஆக, இங்கயே நடத்துத.”

“ஆமா, மச்சான்.”

“நான் கேட்டது என்ன ஆச்சு?”

“முடியாதுன்னு அன்னைக்கே சொன்னேன்.”

“நான் யாருன்னு நெனச்ச?”

“எம் புருஷனோட அண்ணன். மரியாதை உண்டு, டீயும் உண்டு. பாஸ்வேர்ட் கிடையாது.” டீயை வைத்தாள். “இந்த ஃபோல்டருக்குள்ள இருக்குறது எதுவும் என்னுது இல்ல, மச்சான். நான் அடுக்கி வச்சவ. எந்தப் படத்துல யாரு இருக்காளோ, அவளுக்குத்தான் அது. அவ காட்டுனா பாருங்க. காட்டலேன்னா, பெரிய மச்சானுக்கும் இல்ல, பெரிய ஜமாத்துக்கும் இல்ல.”

“யாருன்னே தெரியாம நான் யார்ட்டப் போய்க் கேக்க?”

“அதுதான் ஒங்க கஷ்டம். எங் கஷ்டம் இல்ல.”

மன்சூர் ஜன்னல் பக்கம் போய் வெளியே நிற்கும் வண்டிகளின் சீட் கவரை ஆராய்ந்தார். யாகூப் தாடியைத் தடவினார். குரலைத் தணித்துக்கொண்டார். அந்த வாரம் பழகிய குரல்.

“நான் எல்லாத்தையும் கேட்டுட்டேன். ஒருத்திகூட ஒத்துக்கிட மாட்டேங்கா. இவளத் தவிர,” என்று ஹுதாவைக் கையால் காட்டி, “வீட்டுல ஒருத்தி பாக்கி இல்ல.”

“என்னயக் கேக்கலியே” என்றாள் ஹுதா.

யாகூப் சிரித்தார். “உன்னய என்னத்தக் கேக்க?”

ஹுதா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள், அவசரமே இல்லாமல். சபூராவுக்கு அந்தப் பாஸ்வேர்ட் எத்தனை எழுத்து என்று தெரியும், மனசுக்குள் கூடவே எண்ணினாள். திரை மாறியது. ஹுதா அதைப் பார்த்தாள். விரலால் தள்ளி அடுத்ததைப் பார்த்தாள், அதற்கடுத்ததையும். உதடு கோணிக்கொண்டு வந்தது, சிரிப்பை அடக்கினாள், முடியவில்லை. பத்தொன்பது படம் வரிசையாக அதில் இருந்தது. பத்தொன்பதையும் பார்த்து முடித்தாள். பிறகு போனை அணைத்துப் பைக்குள் போட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

யாகூபின் முகத்திலிருந்து சிரிப்பு எப்போதோ போயிருந்தது. பையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு திரும்பவும் பையை.

“நீயா?”

“ஆமா.”

“எங் கோட்டி…”

“அன்னைக்கே தொவச்சு வச்சிட்டேன்.”

“காட்டு.”

“காட்ட மாட்டேன்.”

சபூரா தன் முறைக்குக் காத்திருந்தாள். அவர் கத்தினால் என்ன சொல்வது என்று நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தாள், ஒன்றைவிட ஒன்று காரமாக. எதற்கும் வேலை வரவில்லை. யாகூப் கத்தவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது, புது மாடல் வண்டி ஒன்று வாசலில் வந்து நிற்கும்போது பார்க்கிற பார்வை. இதற்கு அட்டை நம்மிடம் இல்லையே என்கிற பார்வை.

கடைசியில், ஹுதாவிடம் கேட்கக் கூச்சப்பட்டு, சபூரா பக்கம் திரும்பினார்.

“நல்லாச் செஞ்சாளா?”

“எனக்குச் சொல்ல உரிமை இல்ல, மச்சான். ஆளு பக்கத்துலதான இருக்காஹ, அவுஹளயே கேளுங்க.”

அவர் ஹுதா பக்கம் திரும்பினார். “நல்லா…” என்று ஆரம்பித்தார், வாக்கியம் பாதியிலேயே நின்றது.

ஹுதா அதை முடித்துக்கொடுக்காமல், காலித் தம்ளரை சபூராவிடம் நீட்டி, இன்னும் அரைத் தம்ளர் டீ கேட்டாள்.